பார்த்துக்கொள்கிறேன் என்றார்

என்னங்க,

வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

இந்த முதியோர் இல்லத்தில் நான் கவனிக்கும் ஐயாவின் கையில் விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அன்று மாலை சூப்பர்வைசர் என் தோளைத் தட்டி, "ஐ வில் டேக் கேர் ஆஃப் யூ" என்று சிரித்தார்.

சமையல்கார அக்காவிடம் அர்த்தம் கேட்டேன்.

"உன்னைப் பாத்துக்கிறேன்னு அர்த்தம்டி. நம்ம ஆளுங்க சொல்ற மாதிரியேதான். சோறு போடறவனும் சொல்லுவான், கையை ஒடிக்கிறவனும் சொல்லுவான்."

மறுநாளே என்னைத் துணி துவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஐயாவை எட்டிப் பார்த்தேன். அவருக்குப் பேச்சு வராது. தைரியம் சொல்வதாக நினைத்து, "ஐ வில் டேக் கேர் ஆஃப் யூ" என்றேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அதை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்று அப்போது புரிந்தது. சூப்பர்வைசர் என்னிடம் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பதும் புரிந்தது.

நாளை டாக்டர் வருவார், மறுபடி சொல்லப்போகிறேன். நீங்கள் கவலைப்படாதீர்கள். தலைவலித் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். தினமும் காலையில் ஒரு தடவை கூப்பிடுங்கள். நான் எடுக்காவிட்டால், இந்தக் கடிதத்தின் பின்பக்கம் டாக்டரின் நம்பர் எழுதியிருக்கிறேன், உடனே பேசுங்கள். டியூட்டிக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள்
பாப்பாவின் அம்மா