போனவளின் பெயர்

தரங்கம்பாடி
12.7.2005

அன்பு பவுனம்மா அக்காவுக்கு மலர்க்கொடி எழுதுவது.

தையல் ஆறிவிட்டது. உங்களுக்கு இன்னும் இழுக்கிறதா? ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அடுத்த கட்டிலில் கிடந்தபோதுதான் வாய்விட்டுப் பேசினேன். இந்தத் தகரக் கொட்டகையில் கடல் கொண்டுபோன பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு பிள்ளை போதும் என்று அன்று கருக்குழாயை அறுத்துக்கொண்டேன். இப்போது மகள் செல்வி போய் மூத்தவன் மட்டும் மிஞ்ச, அதையே ஒட்டவைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மாமியார் மாதாமாதம் வாசலிலேயே மறிக்கிறார். "என்னடி, தள்ளிப்போச்சா?" அதைத் தவிர வேறு பேச்சில்லை.

தங்கை மலர்க்கொடி

விழுந்தமாவடி
2.8.2005

மலருக்கு அக்காவின் ஆசிகள்.

உன் மாமியாராவது கேட்கிறாள். என் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கே வரவில்லையே. "இன்னொன்னு பெத்து அதையும் கடலுக்குக் குடுக்கணுமா?" என்கிறார். மூன்று பிள்ளைகளையும் தூக்கி வந்த நாளிலிருந்து அவர்கள் பெயரை அவர் சொன்னதில்லை. "ஒரு பக்கந்தாம்மா சரியா சேந்துச்சு, பாப்போம்" என்று டாக்டரம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடு.

பவுனம்மா

தரங்கம்பாடி
10.2.2006

அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுங்கள். எனக்கு ஐந்து மாதம். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாமியார் என் வயிற்றைத் தடவி, "போனவதான் திரும்பி வர்றா. செல்வின்னே பேரு வைக்கணும்" என்கிறார். எல்லாரும் வயிற்றைப் பார்த்துச் செல்வி, செல்வி என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. செல்வி திரும்பி வந்துவிட்டாள் என்றால், என் செல்விக்காக இனி நான் அழக்கூடாதா?

பெற்றவளும் இல்லாத எனக்கு வேறு யாரைக் கேட்கத் தோன்றும்?

மலர்

விழுந்தமாவடி
1.3.2006

மலருக்கு,

பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடப் பார்த்தேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் கருக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டதாம். இனி இல்லை. இந்தமுறை அவரும் வந்திருந்தார். வெளியே வந்து சொன்னேன். "சரி, வா, டீ குடிப்போம்" என்றார். கடையில் உட்கார்ந்து, டீ ஆறுகிற வரைக்கும், மூன்று பேரைப் பற்றியும் பெயர் சொல்லிப் பேசினார். சின்னவன் மீன் முள்ளுக்குப் பயந்து அழுவானே, அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் அழுதோம். டீக்கடைக்காரர் வந்து காசு கேட்கவில்லை.

செல்வி ஏழு வயது வரைக்கும் வாழ்ந்தவள். அவள் பெயர் அவளுக்கே இருக்கட்டும். வருகிறது வேறு உயிர், அதற்கென்று ஒரு பெயர் தேடு. பையனாகப் பிறந்தால் அவனையும் செல்வி என்றுதான் கூப்பிடுவாளா உன் மாமியார்? சண்டைக்கு வந்தால் என்னைக் கைகாட்டு. செல்விக்காக எப்போது வேண்டுமானாலும் அழு.

உனக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் நான் அங்கே வந்துவிடுவேன். பெற்றவள் இல்லாத குறையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும். பிள்ளை பிறந்ததும் பாசத்தில் என் கையில் கொடுத்துவிடாதே. நானாகக் கேட்பேன். அப்போது கொடு.

உன் அக்கா
பவுனம்மா