நாலு சக்கரத்துக்கு என்ன பேர்

1991 ஜூன் 11, செவ்வாய்

இன்றும் பொம்மைகள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் கொளஞ்சிநாதன் ஒரு கிருஷ்ணனைத் தூக்கிப் பிடித்து, "ஏ மூணு சக்கரம், இவன் ஏன் தூங்கி வழியிறான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. கம்பெனிவரைக்கும் கையால் சுற்றிச் சுற்றி மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு போய், உட்கார்ந்து பிரஷ்ஷைப் பிடித்தால் விரல் ஆடுகிறது. கிருஷ்ணன் தூங்காமல் என்ன செய்வான்? சூம்பியது இடது கால்தான். வலது கால் கல்லு மாதிரி இருக்கிறது. அதைச் சும்மா உட்கார வைத்துவிட்டுக் கையை மாடாய் உழைக்க வைக்கிறேன். எந்த ஊர் நியாயம் இது?

இப்படியே திரும்பி வந்தால் அடுத்த மாதம் பொட்டலம் கட்டுகிற பக்கம் மாற்றிவிடுவாராம். வைக்கோலும் காகிதமும். வேண்டாம். கண் எழுதும்போது மட்டும்தான் என்னை யாரோ நேருக்கு நேர் பார்க்கிறார்கள்.

ஜூன் 14

ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது. வீட்டில் சத்தமே இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

பாலக்கரை வளைவில் வண்டி சாய்ந்து விழுந்தேன். பஸ்ஸுக்கு வழிவிடத் திரும்பியதும் ஒரு சக்கரம் மேலே போய்விட்டது. முட்டி சிராய்ப்பு. தூக்கிவிட்டவர்கள் நல்லவர்கள்தான். "யாரு விழுந்தது?" என்று ஒருவர் கேட்க, "நம்ம மூணு சக்கரம்ங்க" என்று இன்னொருவர் சொன்னார். வண்டி விழுந்ததா, நான் விழுந்தேனா? அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்படியே சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் பழமலை பத்து வருஷமாக எனக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். "அண்ணே, காலால மிதிக்கிற மாதிரி, சாயாத மாதிரி ஒன்னு செஞ்சி குடுங்க" என்றேன்.

அவர் என் காலைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம். "சாயக் கூடாதுன்னா நாலு வேணும். ஒத்தக் காலுன்னா பெடல்ல வாரு போட்டுக் கட்டிக்கணும். மிதிக்கவும் அதே காலு, இழுக்கவும் அதே காலு. பழைய வண்டிய என்கிட்ட வுட்டுடு, சீட்டுக்கு ஆவும்" என்றார்.

ஜூலை 2

வண்டி இல்லை. கம்பெனி வேனில் மண் மூட்டைகளோடு போய் வருகிறேன். சேத்தியாத்தோப்பிலிருந்து அண்ணன் வந்தார். வாழைத்தார் கொண்டுவந்தார். ஒரு ஆளுக்கு எதற்கு ஒரு தார்? "நாலு சக்கரமா? ஊரு சிரிக்கும் பாப்பா" என்றார். மூன்றுக்கு மட்டும் அழுததா? டீ குடித்தார், போயிட்டு வரேன் என்றார், போய்விட்டார். பழம் கறுத்துக்கொண்டிருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

வந்துவிட்டது!

பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் இரண்டு சின்னது. நடுவில் என் பழைய சீட்டு. வலது பக்கம் பெடல், இடது பக்கம் கால் வைக்க ஒரு பலகை. முதலில் மிதித்தபோது வண்டி நகர்ந்தது என்று நம்பவே இல்லை, கடைதான் பின்னால் போகிறது என்று நினைத்தேன். முப்பத்து நாலு வயசில் முதல்முறையாக என் காலால் ஒரு இடத்துக்குப் போனேன். பாலக்கரை வளைவில் வேண்டுமென்றே வேகமாகத் திரும்பினேன். சாயவில்லை.

கிளம்பும்போது பழமலை பெயிண்டு டப்பாவோடு நின்றார். "கடையில வுட்டுட்டுப் போனா யாருதுன்னு தெரியணும்ல. ஒம் பேரு என்னா?"

பத்து வருஷம்! பேர் தெரியாமல் பத்து வருஷம். கோபம் வந்தது. ஆனால் கேட்டாரே. வேறு யார் கேட்டார்கள்?

செயின் கவரில், மற்ற சைக்கிள்களில் அட்லஸ், ஹெர்குலிஸ் என்று இருக்குமே, அந்த இடத்தில் சிவப்பில் எழுதினார்: வாசுகி. வா-வின் கால் கொஞ்சம் வளைந்துவிட்டது. அதுவும் பொருத்தம்தான்.

ஆகஸ்ட் 5

கை ஆடவில்லை. இன்று ஒரு பொம்மைகூடத் திரும்பவில்லை. கொளஞ்சிநாதன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஒன்றும் வராவிட்டால் அதுதான் பாராட்டு.

ஆனால் வண்டியை என்னவென்று சொல்வது? பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "சைக்கிளுன்னா ரெண்டு. ரிக்ஷான்னா மூணு. நாலு இருந்தா காரு. மிதிச்சா காரு இல்ல. இத எங்கம்மா நிறுத்தறது?" கடைசியில் டீக்கடைப் பக்கம் நிறுத்தச் சொன்னார். தெருவில் ஒருத்தி "கட்டிலு வருது" என்றாள். இன்னொருத்தி "தேரு". தேர் என்றால் இழுக்க ஊரே வரவேண்டாமா? நான் ஒருத்திதானே இழுக்கிறேன்.

ஆகஸ்ட் 22

நினைத்த மாதிரியே நடந்தது.

ரேஷன் கடை வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு அம்மா, "மூணு சக்கரம் இப்ப நாலு சக்கரமாயிட்டுது பாரு" என்றாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அவ்ளோதானா? ஒரு சக்கரம் கூடிச்சே தவிர நான் எங்க? இன்னும் பத்து சக்கரம் வச்சாலும் ரயிலுன்னுதான் சொல்லுவாங்களா? எனக்குப் பேரு இருக்குது. எங்கம்மா வச்ச பேரு. அம்மா செத்த அன்னிக்கி கடைசியா கூப்ட்டுது, அதுக்கப்புறம் ஒருத்தர் வாயிலயும் வரல — அண்ணனுக்குக்கூட பாப்பாதான்.

சர்க்கரை வாங்காமலே வந்துவிட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊரில் ஜாடி மூடி, கூஜா மூடி எல்லாம் செய்கிறோம். அந்த மூடி மட்டும் எந்தச் சூளையிலும் வெந்து வரவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கொளஞ்சியப்பர் கோவிலுக்கு மிதித்தே போனேன். நகை போனவர்கள், மாடு போனவர்கள், கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதவர்கள் எல்லாம் அங்கே பிராது எழுதிக் கட்டுகிறார்கள். மூன்று மாதத்தில் சாமி தீர்த்துவைக்கும் என்பது பேச்சு. நானும் ஒரு பிராது கொடுத்தேன்.

எழுதுகிறவர் கேட்டார்: "என்னா காணாப் போச்சி?"

"பேருங்க."

"யாரு பேரு?"

"எம் பேருதான்."

"எடுத்தது யாரு?"

"ஊருங்க."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பைத்தியமோ என்று நினைத்திருப்பார். பிறகு எழுதினார். கட்டிவிட்டு வெளியே வந்ததும் வெட்கமாக இருந்தது. மாடு தொலைந்தவர்கள் வரிசையில் நின்று சாமி நேரத்தை வீணாக்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 19

காய்ச்சல். பக்கத்து வீட்டில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாமியும்தான்.

அக்டோபர், ஆயுத பூஜை

பழமலை கடையில் வரிசையாக வண்டிகளைக் கழுவி நிறுத்திச் சந்தனம் வைத்திருந்தார். என்னுடையதும் அங்கே நின்றது, பிரேக் சரிபார்க்க விட்டிருந்தேன். நான் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன்.

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வந்ததாகச் சொல்லி ஒருவர் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். கக்கத்தில் கட்டை வைத்த பெண், என்னைவிடச் சின்னவள். அவள் நேராக என் வண்டிக்கிட்டே போய்த் தடவிப் பார்த்தாள்.

"இதாண்ணே. பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்ல, இதான்." பிறகு பழமலையிடம், "எனக்கும் ஒரு வாசுகி வேணுங்க. எந்தக் கடையில விக்கிறாங்க?" என்றாள்.

பழமலைக்குப் புரியவில்லை. "வாசுகியா? வாசுகி இதோ குந்தியிருக்குது" என்றார்.

"அது யாருங்க? நான் வண்டிய சொல்றேன். வாசுகி கம்பெனி வண்டிதான? எழுதியிருக்குதே."

வாயிலிருந்த பொரி மூக்கில் ஏறிவிட்டது. இருமி, சிரித்து, கண்ணில் தண்ணீர். அது சிரிப்பால் வந்த தண்ணீர் மட்டும்தானா, தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவமானமாகப் போய்விட்டது. கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பேர் அமிர்தம். "அந்தக் கம்பெனி மொதலாளி நான்தான்" என்றேன். பழமலை அளவெடுத்தார்.

நவம்பர் 8

விஷயம் கடையிலிருந்து டீக்கடைக்கு, டீக்கடையிலிருந்து ஊருக்குப் போய்விட்டது. பேர் இல்லாமல் தவித்தவர்களுக்கு ஒரு பேர் கிடைத்ததில் நிம்மதி போலிருக்கிறது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் இன்று உள்ளேயே இடம் கொடுத்தார். "வாசுகிக்கு அந்த மூலை" என்றார்.

கம்பெனி வாசலில் லோடு லாரி திரும்பியது. கொளஞ்சிநாதன், "வாசுகி, கொஞ்சம் ஓரமா" என்று கத்தினார். எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்தது. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

"ஒன்ன இல்ல, வண்டிய" என்றார். வண்டியைத் தள்ளினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, நீயும் வாசுகிதான் இல்ல?" என்றார்.

நீயும்! இருக்கட்டும். வண்டியின் பேர்தான் எனக்கு முதலில் வந்து ஒட்டியது. இப்போது என் பேர் வண்டியில் ஏறித் திரும்பி வருகிறது. நடந்து வந்தால் என்ன, ஏறி வந்தால் என்ன?

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் வண்டி வாங்க வந்து என் வீட்டில் சாப்பிட்ட அமிர்தத்தை, சாயந்திரம் அவள் அண்ணன் கூட்டிப் போய்விட்டார். புது வண்டியை பஸ் மேலே கட்டினார்கள். மழை தூறுகிறது. வீட்டில் பழையபடி நானும் கடிகாரமும்தான். அவள் தின்ற தட்டை இன்னும் கழுவவில்லை.

மத்தியானம் பழமலை கடையில் அவள் வண்டியை வாங்கிக்கொண்டாள். செயின் கவரில் அமிர்தம் என்று எழுதத்தான் அவர் பிரஷ்ஷை எடுத்தார். அவள் விடவில்லை. "கம்பெனி பேரு எழுதுங்க, என் பேரு பின்னால" என்றாள். எழுதினார்.

முதல் ஓட்டம் கோவிலுக்கு. பிராது கட்டினால் காரியம் ஆனதும் போய்ச் சொல்லித் திரும்ப வாங்கவேண்டும், அதுதான் முறை. அதே ஆள் இருந்தார். "பேரு கெடச்சிட்டுதா?" என்றார்.

"கெடச்சிட்டுதுங்க. ஆனா என்கிட்ட இல்ல, ஊருகிட்டதான் இருக்குது."

"அப்ப எதுக்கு வாபஸ்?"

"அவங்களே வச்சிக்கட்டுங்க. கூப்ட்டா போதும்."

திரும்பி வரும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. மெதுவாக, பக்கத்துப் பக்கத்திலேயே மிதித்தோம். பாலக்கரை டீக்கடையில் யாரோ சொன்னது கேட்டது: "அதோ, ரெண்டு வாசுகி போவுது."

அமிர்தம் வண்டியை நிறுத்தியே விட்டாள். கடையைப் பார்த்துத் திரும்பி, ஊர் கேட்கக் கத்தினாள்: "ரெண்டு இல்லங்க, நல்லா பாருங்க. அக்காவையும் சேத்தா மூணு!"

மூணு என்று கேட்டு நான் மனசாரச் சிரித்தது இன்றைக்குத்தான்.