நம்பரை மட்டும் சொன்ன அம்மாவுக்கு

அம்மா,

இன்று காலை பல்கலைக்கழகத்தில், நம் பக்கத்துப் பெண்கள் பேசிய பதிவுகளை ஹெட்போனில் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வருடத்தில் எனக்கு அதுதான் வேலை. நல்லூர்க்கார அம்மா ஒருவர் உளுந்து போட்ட கதையை நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் யாரையோ பார்த்து, "இருடி, பேசிக்கிட்டு இருக்கறது கண்ணுக்குத் தெரியல?" என்று ஓர் அதட்டல் போட்டார். நான் பதறிப்போய்ப் பதிவை நிறுத்திவிட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் உன் குரல் மாதிரி ஒரு குரல் கேட்டால், என்னைத்தான் திட்டுகிறாய் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

ப்ளஸ் டூ முடித்த அந்த வருடம் எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று, மாமா சொல்லிவைத்த இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிக்கல்; விருத்தாசலத்திலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். இன்னொன்று, பாஷை தெரியாத வெளிமாநிலத்தில், ரயிலில் ஒரு நாள் தூரத்தில், ஐந்து வருடப் படிப்பாகக் கணினி மொழியியல். அதை எடுத்துக்கொள்கிறேன் என்று குறிப்பிட்ட நாளில் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். உறுதி செய்ய ஓ.டி.பி. வேண்டும். அது வருவதோ உன் பட்டன் போனுக்கு. ஸ்கூலில் சேர்த்த நாளிலிருந்து எங்கு கேட்டாலும் உன் நம்பரைத்தானே கொடுத்து வந்தோம்.

அப்பா இல்லாத வீட்டில் முடிவு சொல்ல நீ, யோசனை சொல்ல திட்டக்குடி மாமா. ஈ.பி.யில் இருக்கிறவர் வேறென்ன சொல்வார்? "கரண்டு இல்லாத ஊரு எங்கனா இருக்குதா? அதப் படி. கம்ப்யூட்டருன்னா கம்ப்யூட்டரு, தமிழுன்னா தமிழு. இது என்னா ரெண்டுங்கெட்டான் படிப்பு?" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அப்படி என்னதான் படிக்கப்போகிறாய் என்று கேட்டாய்.

"மனுசங்க பேசறது மெஷினுக்குப் புரியற மாதிரி செய்யறதும்மா."

"பேசறதுக்கு மனுசன் இல்லியா? அதுக்குப் புரிஞ்சி யாருக்கு என்னா ஆவப்போவுது?"

கணக்கும் பிடித்தது, பேச்சும் பிடித்தது, இரண்டும் ஒரே படிப்பில் இருக்கிறது என்றதும் மனது அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அதை ஒரு காரணமாக உன்னிடம் எப்படிச் சொல்வது?

கடைசி நாளன்று நான்கு மணிக்கு மேல் உனக்குப் போன் செய்தேன். "நம்பரு வந்துதாம்மா?" "வந்துச்சி." "சொல்லும்மா." "சொல்ல முடியாது." வைத்துவிட்டாய். சைக்கிளை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் பறந்தேன்.

செராமிக் கம்பெனி ஷெட்டில், அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் விளிம்புகளை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாய். மணிக்கட்டு வரைக்கும் மண். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவ்ளோ தூரத்துல உடம்புக்கு ஒண்ணுன்னா யாருடி பாத்துக்குவாங்க?" என்று பொம்மையைப் பார்த்தே கேட்டாய். பக்கத்தில் வேலை செய்த கலா அக்கா, "நேரம் ஆவுது, ஏதோ ஒண்ணு சொல்லு. புள்ள மொகத்தப் பாரு" என்றது. நீ அடுத்த பொம்மையை எடுத்துத் துடைத்தாய். அதற்குள் முதலில் வந்த நம்பர் காலாவதியாகிவிட்டது.

புது நம்பர் அனுப்பச் சொல்லி இன்னொரு முறை என் போனில் பொத்தானை அழுத்தினேன். உன் ஒயர் கூடைக்குள் சத்தம் கேட்டது. கை எட்டும் தூரம்தான்.

"எடுத்துப் பாத்துக்கயேன். உன் கையக் கட்டியா வெச்சிருக்குது?"

"எடுக்க மாட்டேன். நீ சொல்லு."

ரோஷத்தில் சொல்லவில்லை அம்மா. பயமாக இருந்தது. உன்னை மீறிப் போனவள் என்ற பேரோடு அந்த ரயிலில் ஏற எனக்குத் தெம்பில்லை. இடம் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் கூடையைத் தொடவில்லை. நீ முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

பிறகு கையை வாளியில் அலசி, முந்தானையில் துடைத்து, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக, திட்டுகிற குரலில் வாசித்தாய். நான் நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். "காது கேக்கலியா?" என்று மறுபடி சொன்னாய். உறுதியானது என்று திரையில் வந்ததும் நான் மூச்சு விட்டேன். நீ ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டாய். "நம்பருதான் சொன்னேன். சரின்னு சொல்லல. அத நெனப்புல வெச்சிக்க."

வைத்துக்கொண்டேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சரியை எதிர்பார்த்தேன். சாப்பாடு கேட்டாய், முடி கொட்டுவதைக் கேட்டாய், படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் வருடம், உனக்கு நெஞ்சு வலி என்று கலா அக்கா போன் செய்தது. நான் ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடம்புக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பது என்று நீ கேட்டது எனக்காக மட்டும் இல்லை என்பது அந்த ரயிலில்தான் எனக்கு உறைத்தது.

காரியம் முடிந்த அன்று கலா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "என் படிப்பப் பத்தி அம்மா எதனா நல்லதா சொன்னாங்களாக்கா?" என்று கேட்டேன். "பொய் சொல்லக் கூடாது பாப்பா. கடைசி வரைக்கும் திட்டிக்கிட்டேதான் இருந்துச்சி" என்றது. அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே நான் எதைச் செய்துகாட்டினாலும் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், பிரமாதம் என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்பதை முதலிலிருந்து உனக்குச் சொல்லிப்பார்க்கிறேன். எப்படிச் சொன்னாலும் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். தெரிந்தும், சொல்லாமல் இருக்க முடியவில்லை அம்மா.