நல்ல நித்திரை என்று சொன்னேன்

நவ. 12, செவ்வாய்

விடிய மழை. பத்து மணிக்கு வெளித்தது. முற்றத்தில் இன்னும் கணுக்கால் தண்ணீர்.

செய்ய வேண்டியவை: ஆறு கொப்பி திருத்த. சமையல் காஸ் முடிகிறது, சொல்லி வைக்க. தன்னாமுனைச் சந்தியில் பிரஷர் குளிசை.

பின்னேர வகுப்புக்குப் பலகையில் எழுதியது: டீப் வாட்டர், டீப் பிரெத், டீப் ஸ்லீப், டீப் ட்ரபிள், டீப் திங்கர். மற்றப் பக்கம் எதிர்ச்சொல்: ஷலோ வாட்டர், ஷலோ பெர்சன். எல்லா இடத்திலும் ஆழம் என்று போடக்கூடாது, பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் பொருள் என்று தொடங்க நினைத்திருந்தேன். படிக்க வருகிற ஆறு பேரும் தாதி வேலைக்கு வெளிநாடு போக இருப்பவர்கள்.

4.10க்குப் பக்கத்து வீட்டு யோகன். வாவியில் மீன் பிடிப்பவர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. கையில் போன். கனடாவில் இருந்து அவருடைய அக்காவின் மகள் மிதுனா. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கொஞ்சம்தான். இவருக்கு இங்கிலீஷ் இல்லை.

"டீச்சர், இந்தப் பிள்ள என்னமோ சொல்லுது. ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க."

அக்கா பரமேஸ்வரி ஆஸ்பத்திரியில் என்று போன கிழமையே தெரியும். அக்காவும் தம்பியும் கதைத்துப் பதினெட்டு வருடம். தாய் செத்தபோது அக்கா வரவில்லை. அவவுக்கு அங்கே விசா சரியாகாத காலம், வந்தால் திரும்பிப் போக ஏலாது. இவர் அதைக் காதில் எடுக்கவில்லை. "இனி எனக்கு அக்கா இல்ல" என்று சொல்லி போனை வைத்தவர். எல்லாம் அவர் மனைவி சுந்தரி வேலியில் நின்று சொன்னது.

மிதுனா சொன்னது: அம்மா டீப் ஸ்லீப்பில். பிரெத்திங் வெரி ஷலோ. மாமா ஏதாவது சொல்ல விரும்பினால் போனை அம்மாவின் காதில் வைக்கிறேன்.

நான் சொன்னது: "நல்ல நித்திரையாம். மூச்சு மெதுவா வருதாம். கதைக்கிறதெண்டா போனக் காதில வைக்கிறாவாம்."

யோகன் தொண்டையைச் செருமினார்.

"நல்ல நித்திரையெண்டா எழுப்ப வேணாம் டீச்சர். பாவம், நித்திர கொள்ளட்டும். நாளைக்குக் கதைக்கன்."

நான் மிதுனாவிடம்: லெட் ஹெர் ஸ்லீப். நாளைக்கு என்பதைச் சொன்னேனா? நினைவில்லை. படலையில் பிள்ளைகள் குடையோடு நின்றார்கள். அவசரம்.

வகுப்பு நன்றாகப் போனது.

நவ. 13, புதன்

வெயில். காலை 6.20க்கு சுந்தரியின் அழுகைச் சத்தம். பரமேஸ்வரி போய்விட்டார். நாங்கள் போனில் கதைத்து ஐந்தாறு மணித்தியாலத்தில்.

ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். தேத்தண்ணி ஊற்ற நானும் போனேன். சீனி போதவில்லை, வீட்டில் இருந்ததைக் கொண்டுபோனேன்.

யோகன் கிணற்றுக் கட்டின் மேல். இன்று வாவிக்குப் போகவில்லை. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"நித்திரையிலயே போயிற்றாவாம் டீச்சர். நல்ல நித்திரையெண்டு நேத்துச் சொன்னீங்கதானே. கஷ்டப்படாமப் போயிருப்பா."

ஓம் என்றேன். ஏதோ உறுத்தியது. என்ன என்று பார்க்கவில்லை.

நவ. 14, வியாழன்

காஸ் வந்தது. தலையிடி.

வகுப்பு. பலகையில் செவ்வாய் எழுதியது அழியாமல் கிடந்தது. நிரோஷா, செங்கலடியில் இருந்து பஸ்ஸில் வருகிறவள், மூன்று வருடம் தாதி வேலை பார்த்தவள், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"டீச்சர், எங்கட வேலையில இந்த டீப் ஸ்லீப் கவனம். எழுப்பினாலும் எழும்பாத நிலைமைக்கும் வீட்டாக்களுக்கு அப்பிடித்தான் சொல்றது. பயப்பிடக்கூடாதெண்டு."

கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "மூச்சு ஷலோ எண்டா?"

"அது கடைசியில வாறது டீச்சர். மேல்மூச்சு. அப்ப சொந்தக்காரரக் கூப்பிடச் சொல்லுவம்."

மேல்மூச்சு.

எனக்குத் தெரியாத சொல்லா? என் அப்பாவுக்கு அது வந்தபோது நானே தெருவுக்கு ஓடிப்போய் "அப்பாக்கு மேல்மூச்சு வாங்குது" என்று ஆட்களைக் கூப்பிட்டவள். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் யோகன் போனைப் பறித்திருப்பார். எனக்கு வாயில் வந்தது 'மெதுவா'.

வகுப்பை ஐந்து மணிக்கே முடித்தேன். தலையிடி என்றேன். பொய்யில்லை.

நவ. 15, வெள்ளி

மழை. கோயிலுக்குப் போகவில்லை. குளிசை போட்டேனா? இரண்டாவது போடவில்லை.

சந்தியில் பரமேஸ்வரிக்கு பனர் கட்டியிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய படம். கீழே 'ஆழ்ந்த அனுதாபங்கள்'. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை.

யோகனிடம் சொல்வதா? சொன்னால் யாருக்கு நன்மை? அவர் நிம்மதியாக இருக்கிறார். இருபது தரம் இதையே யோசித்தேன். அவருடைய நிம்மதி என்று எழுதுகிறேன், என்னுடைய பெயரைத்தான் பார்க்கிறேன்.

நவ. 16, சனி

மிதுனாவின் மெசேஜ் என் போனுக்கு, சுந்தரி நம்பர் கொடுத்திருக்கிறாள். யோகனுக்கு வாசித்துச் சொல்லவாம். ஆஸ்பத்திரிக்காரர் டீப்பஸ்ட் சிம்பதி என்று அட்டை அனுப்பினார்களாம். செத்தவீடு முடிந்ததாம். கடைசியில்: மாமாவுக்கு அம்மா மேல் டீப் ஆங்கர் இருப்பது எனக்கு விளங்குகிறது, அவரைக் குறை சொல்லவில்லை.

மூன்று தரம் வாசித்தேன். லெட் ஹெர் ஸ்லீப். தம்பி கதைக்க மறுத்தார் என்று பிள்ளை எடுத்திருக்கிறாள்.

அவளுக்கு போன் எடுத்தேன். நான் பிழையாகச் சொன்னேன், மாமா அடுத்த நாள் கதைக்க இருந்தவர் என்றேன். பிறகு இங்கிலீஷில் சொன்னாள்:

"அவருக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன் ஆன்ட்டி. அதனால் மாமா லைனில் இருக்கிறார் என்றுகூட அம்மாவுக்கு நான் சொல்லவில்லை."

என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நவ. 17, ஞாயிறு

வானம் மூட்டம், மழை இல்லை. காலையிலேயே போனேன். யோகன் வலை பொத்திக்கொண்டிருந்தார், சுந்தரி பக்கத்தில். இருக்கச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். டீப் ஸ்லீப் என்றால் என்ன, மூச்சு எப்படி இருந்தது, எனக்கு வகுப்பு அவசரம், மிதுனா என்ன நினைத்தாள், தாய்க்குச் சொல்லாமல் விட்டது. அந்தக் கடைசியை மட்டும் விடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. இந்த முறை ஒன்றையும் விடவில்லை, மெதுவாக்கவும் இல்லை.

சுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோகன் கையில் இருந்த நூலைப் பார்த்தபடி இருந்தார். "அப்ப அக்காக்கு நான் வந்ததே தெரியா."

"ஓம்."

"நீங்க சரியாச் சொல்லியிருந்தாலும் நான் கதைச்சிரிப்பனோ தெரியா டீச்சர். பதினெட்டு வருசமாக் கதைக்காதவன்." நூலைக் கீழே வைத்துவிட்டு, "கதைச்சிரிப்பனோ இல்லையோ எண்டு இனி எனக்கே தெரிய வராது. அதுதான்."

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அது ஓமா, போங்கள் என்பதா என்று விளங்கவில்லை. வந்துவிட்டேன்.

நவ. 19, செவ்வாய்

யோகன் வாவிக்குப் போகத் தொடங்கிவிட்டார். படலையைத் தாண்டும்போது "டீச்சர்" என்று கூப்பிட்டுப் போகிறவர், இன்று கூப்பிடவில்லை. மீன் கொண்டுவரவும் இல்லை. சுந்தரி சிரித்தாள், நின்று கதைக்கவில்லை.

வகுப்பில் நடந்ததைச் சொன்னேன், பேர் சொல்லாமல். நான்தான் என்று சொன்னேன். ஒருத்தரும் எழுதிக்கொள்ளவில்லை. நிரோஷா மட்டும், "விளங்காட்டித் திருப்பிக் கேக்கோணும் என்ன டீச்சர்." ஓம். திருப்பிக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷம்.

நவ. 24, ஞாயிறு

நல்ல வெயில். உடுப்பு இரண்டு வாளி. கொடி கட்டியிருப்பது வேலிப் பக்கம்.

வேலிக்கு அந்தப் பக்கம் யோகன், போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு. மிதுனா. ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாளாம், சுந்தரி பிறகு சொன்னது.

"சாப்பிட்டியா மகள்?"

"ஓம் மாமா. பாண்."

"அம்மா அங்க என்ன கறி விரும்பித் தின்னுவா?"

"மீன்... சின்ன மீன்... அது..." பிள்ளைக்குச் சொல் வரவில்லை. இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னாள். எனக்குக் கேட்டது, விளங்கியது.

யோகன் தலையைத் திருப்பி வேலிப் பக்கம் பார்த்தார். என்னைக் கண்டார். ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, விளங்கியதைச் சொல்லப் போவதற்குக் கையைத் துடைத்தேன்.

அவர் போனுக்குத் திரும்பினார்.

"பறுவாயில்ல மகள். தமிழில ஆறுதலாச் சொல்லு. எனக்கு அவசரமில்ல."