மாமா குடித்துச் சாகவில்லை

தம்போய், ஜொகூர்.

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஷர்மினியும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் பெர்த்தில் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். இந்த முறை நலம் என்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால், “வேலையில இருக்கேன்மா, அப்புறம் பேசலாம்” என்கிறாய். வாட்சாப்பில் எழுதினால் கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன், உட்கார்ந்து கடைசி வரை படி. அப்பா இன்னும் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார், நிறுத்தச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். உன் தங்கை லோஷினி சிங்கப்பூர் வேலைக்குப் போய் வருகிறாள், பாலத்தில் ஜாம் என்று தினமும் புலம்பல். சமையலறைக் கூரை ஒழுகியதைச் சரி பண்ணியாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். இனிப்பு நீர் நோய்க்கு மாத்திரை வாங்க கிளினிக் போயிருந்தேன். புதிதாக ஒரு மலாய் டாக்டர், சின்ன வயதுப் பெண். வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று விசாரித்தார். என் அண்ணன் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார் என்றேன். “குடிப்பாரா?” என்றார். மூர்த்தி மாமா போனதிலிருந்து எல்லோரும் கேட்கிற அதே கேள்வி. “வாயில வச்சதே இல்ல டாக்டர்” என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, அப்படியானால் உங்களுக்கு ரத்தச் சோதனை செய்தே ஆகவேண்டும் என்றார். எனக்கு ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி இருக்கிறதாம். பயப்படாதே, கல்லீரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். இந்தக் கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வருமாம், வெளியே ஒன்றும் காட்டாமல் பல வருஷம் உள்ளேயே இருந்து கல்லீரலைக் கெடுக்குமாம். அண்ணனுக்கும் எனக்கும் எங்கள் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் தட்டையும் குவளையையும் தனியாக எடுத்து வைத்தேன். அடுத்த தடவை டாக்டரிடம் சொன்னபோது நன்றாகத் திட்டு வாங்கினேன், சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாதாம், ரத்தத்தாலும் புருஷன் பெண்டாட்டி உறவாலும்தானாம்.

மறு ஞாயிற்றுக்கிழமையே அப்பாவை வேனை எடுக்கச் சொல்லி மெர்சிங்குக்கு, மூர்த்தி மாமா வீட்டுக்குப் போனேன். உனக்கே தெரியும், மாமா படகுத்துறையில் இஞ்சின் பழுது பார்த்தவர். கண் மஞ்சளாகி வயிறு வீங்கியதும் ஊரே குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டது. சாவு வீட்டில் காது படவே பேசினார்கள். வெள்ளையம்மா அத்தை அவ்வளவையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஒரு சொட்டு தொட்டதில்ல தேனு, அந்த மனுஷன். நான் சொன்னா யாரு நம்புனாங்க? புருஷனுக்குப் பரிஞ்சு பேசுறான்னாங்க” என்றார். அப்போது உன் அப்பா எழுந்து நின்றார். “நானும் நம்பலம்மா. அன்னிக்கு வாசல்ல நின்னு நானுந்தான் அப்படிப் பேசுனேன். மன்னிச்சிரும்மா” என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தை எழுந்து, “சாப்டுட்டுப் போங்கண்ணே” என்று சொல்லி உள்ளே போனார். அத்தைக்குச் சோதித்ததில் கிருமி இல்லை, ஊசி போட்டாயிற்று.

அங்கிருந்து வந்ததும் பாலோவுக்கு, என் தம்பி, உன் கமலநாதன் மாமாவிடம் போனேன். செம்பனைத் தோட்டத்தில் கங்காணியாயிற்றே, வாய்க்குக் கேட்கவா வேண்டும். “எனக்கென்னக்கா, எரும மாதிரி இருக்கேன், லீவு எல்லாம் எடுக்க முடியாதுலா” என்றான். “அண்ணனும் படகு இஞ்சின ஒத்தையாளாத் தூக்குனவருதான்டா. நீ கிளம்பாம நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கமாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவனுக்கும் இருக்கிறது ஐயா. கல்லீரலில் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது. மாத்திரையால் அதைப் பிடித்து நிறுத்தலாம், ஸ்கேனைத் தவறவிடாதீர்கள், ஏதாவது முளைத்தாலும் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்றார்கள். இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறான், ஆனால் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறானாம். எனக்கு அது போதும்.

இப்போது உன் கதை. லோஷினிக்கு ஒன்றுமில்லை, அவள் பிறந்தபோது அரசாங்கம் எல்லாப் பிள்ளைக்கும் இந்த ஊசியைப் போட ஆரம்பித்திருந்தது. நீ அதற்கு முந்தி பிறந்தவன். நீ என் வயிற்றில் இருந்தபோது எனக்கு இந்தக் கிருமி இருந்திருக்கிறது, உனக்கும் வந்திருக்கலாம். ஷர்மினிக்குக் கர்ப்பச் சோதனையில் ஒன்றுமில்லை என்றாய், சந்தோஷம். ஆனால் அது அவள் ரத்தம், உன்னுடையது இல்லை. ஜிம்முக்குப் போகிறேன், குடிப்பதில்லை என்றெல்லாம் சொல்லாதே. உலகத்தில் வருஷத்துக்கு இரண்டு கோடிப் பேருக்குப் புற்றுநோய் வருகிறதாம், அதில் பத்தில் மூன்று நான்கு பேருக்கு வராமலே தடுத்திருக்கலாமாம். கல்லீரலில் வருவதில் கிட்டத்தட்ட பாதி இந்த ஒரு கிருமியால்தானாம். டாக்டர் சொல்லும்போது அந்தக் கோடியெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை, நம் வீட்டில் அப்படித் தடுத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த ஒருவர் யார் என்று மட்டும் ஏறியது.

ஆகவே ரூபன், இந்த வாரமே போய் ரத்தம் கொடு. டாக்டரிடம் அம்மாவுக்கு இருக்கிறது, தாய்மாமன் இதில்தான் இறந்தார் என்று வெட்கப்படாமல் சொல். இருந்தால் வைத்தியம் இருக்கிறது, இல்லாவிட்டால் ஊசி இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் போட வேண்டிய ஊசியை ஒரு நாள் கூடத் தள்ளிப்போட விடாதே, பக்கத்தில் நின்று கேட்டு வாங்கு. எங்கள் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து உனக்கு வந்திருந்தாலும் உன்னோடு நிற்கட்டும். பிரசவத்துக்கு நான் வருகிறேன், பத்தியச் சாமான் எல்லாம் நானே கொண்டு வருவேன், ஷர்மினியைக் கனமாக எதையும் தூக்க விடாதே.

மூன்று பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. அந்தக் கட்டை விரல் படம் வேண்டாம், உன் குரல் வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
தேன்மொழி மனோகரன்