பால் பொங்கிய திசை

தை 11, ஞாயிறு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பாரிவாக்கத்தில் இன்று கொழுந்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. பால் கிழக்கே பொங்கி வழிந்ததும், மாமியார் அத்தனை பேர் முன்னாலும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தியா, சின்னவ ஊட்ல கிழக்கால பொங்கிச்சி. உன் ஊட்ல மேற்கால வழிஞ்சிச்சி. அப்புறம் இன்னா வெளங்கும்?”

என் முகப்பேர் ஃபிளாட்டில் என்ன விளங்காமல் போய்விட்டதாம்? பல்லைக் கடித்துக்கொண்டு, சிந்திய பாலைத் துடைக்கப் போனேன். கேஸ் அடுப்பைத் தூக்கினால், மேற்குப் பக்கக் கால்களுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை!

ஓரகத்தி கீதா ஓடி வந்து கையைப் பிடித்தாள். “சொல்லிடாதக்கா. உன்னப் பேசுன பேச்செல்லாம் நானும் கேக்கணுமா?”

சொல்லவில்லை. அட்டையைக் குப்பையில் வீசினேன். இப்போது என் மேலேயே எரிச்சலாக வருகிறது. அவள் நகை, அவள் கார், அவள் வீடு என்று எத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வெந்தேன்! அவளோ என் கதி வந்துவிடக் கூடாதென்று அடுப்பையே சாய்த்திருக்கிறாள். கிழக்குக்கும் மேற்குக்கும் ஓர் அட்டை கனம்தான் வித்தியாசம். இதற்கா இத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்தேன்? சீ!