அம்மாவின் மான்

கட்டுக்கரை, மன்னார்
மார்கழி 2011

அன்பு மகள் டிலக்சனாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் அந்தக் கனடாக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டுகிறோம். காலுக்கு மேஸ் போடாமல் திரியாதே.

வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கதவு போட்டாயிற்று, காலபோக நெற்பயிரும் நன்றாக வருகிறது. இனி என் மனக்குறையைச் சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு ஒரு மானின் மேல் பொறாமை. கோடையில் காட்டுப் புல்லெல்லாம் கருகிவிட்டது. வைகாசி, ஆனியில் மான்களுக்குப் பாலைப்பழம் இருந்தது, மரத்தில் குரங்கு சிந்துவதைக் கீழே நின்று பொறுக்கித் தின்னும். ஆடியில் அதுவும் முடிய, காது கிழிந்த ஒரு பெண் மான் எங்கள் வேலிக்கே வந்து பூவரசம் இலையைக் கடித்தது. அம்மா முருங்கை முறித்துப் போட்டா. பிறகு ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கிவிட்டது. அரிசி கழுவின தண்ணீர், தவிடு, எல்லா மரியாதையும் அதற்குத்தான். நான் முருங்கையிலை வறை கேட்டால் மரத்தில் இலை இல்லையாம். உன் தம்பி கபிலன் கடைசிச் சண்டையில் செத்த பிறகு அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. முகாமிலும் இங்கே குடியேறிய பிறகும் எத்தனை பகிடி விட்டிருப்பேன், ஒன்றுக்கும் அசையவில்லை. ஒரு நாள் தவிடு மூக்கில் ஏறி அந்த மான் தும்மியது, அதற்குச் சிரித்தா. இவ்வளவு காலம் கூட வாழ்ந்த மனுசன் பக்கத்தில் நிற்கிறேன். சொல்லு பிள்ளை, வயிறு எரியுமா எரியாதா?

ஐப்பசி மழையோடு காடெல்லாம் புதுப்புல், மான் வராமல் நின்றுவிட்டது. தொலைந்தது சனியன் என்று சந்தோசப்பட்டேன். ஆனால் அம்மா பழையபடி வாயை மூடிவிட்டா. சோற்றைப் போடுவா, போய்ப் படுப்பா. நானே முருங்கையைக் கட்டுக்கட்டாக வெட்டி வேலியில் போட்டுப் பார்த்தேன், வாடிக் கிடந்ததுதான் மிச்சம். மாரியில் மானுக்கு ருசி புல்லும் இளம் பயிரும்தான், அதற்காகத்தானே நாங்கள் வயலைச் சுற்றி முள் அடைக்கிறோம். நான் என்ன செய்தேன் தெரியுமா, காட்டுப் பக்க மூலையில் எங்கள் வயல் முள்ளை நானே இழுத்து எறிந்தேன். பக்கத்து வயல் கதிர்காமுவின் பக்கத்தை மட்டும் இன்னும் இறுக்கி அடைத்தேன், அவன் என்ன பாவம் செய்தான். சில நாளில் விடியற்காலை அதே கிழிந்த காது பயிருக்குள் நின்றது. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தேன். குடியேறிய பிறகு வயல் பக்கமே வராதவ, வரம்பில் நின்று சிரித்தா. பிறகு என் கையைப் பிடித்து, பாவம், பசியில வந்திருக்கு, கலைக்காதேங்கோ என்றா. ஒரு மூலைப் பயிர் மொட்டை. எனக்கு அந்த மானில் இன்னும் எரிச்சல்தான்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் ஒரு குறையும் வராமல் காப்பார். நீ போன் எடுக்கும்போது அம்மா சொல்லுவா, காற்றில் வேலி சரிந்துதான் மான் வந்தது, அப்பாவுக்கு வேலியில் ஒரு கவனமும் இல்லை என்று. ஓம் அம்மா, அப்பா எப்பவும் அப்படித்தான் என்று சொல்லிவிடு. மறந்தும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
க. பரமநாதன்